கோடு கிழித்த கை

ஒருவனுக்கு நோயாளி என்று பெயர் சூட்டுவது எளிது. ஏட்டிலே ஒரு சொல், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்! ஆனால் அந்தச் சொல் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. எழுந்து நடமாடத் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக் கதவை அடைக்கிறது; சில வேளைகளில் அடைத்த கதவைத் திறக்கவும் செய்கிறது. பெற்றவள் மீது பழி சுமத்துகிறது. சில வேளைகளில் பழியைத் துடைக்கவும் செய்கிறது. உயிரைக் காத்த சொற்களும் உண்டு; உயிரைக் குடித்த சொற்களும் உண்டு.

1851 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே, சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர் புதியதொரு நோயைக் கண்டதாக அறிவித்தார். பண்ணையை விட்டுத் தப்பியோடும் கறுப்பின அடிமைகளைப் பற்றியிருப்பது ஒருவகை மனநோய் என்றார். கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'டிரேப்டோமேனியா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். விலங்கை உடைத்தவன் நோயாளியாம்! விலங்கைப் பூட்டியவன் நலமுள்ளவனாம்! 1973 ஆம் ஆண்டு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஒருபால் விருப்பத்தை நீக்கியது. நேற்றுவரை நோயாளிகள் என்று எண்ணப்பட்டோர் இன்று நலமுள்ளோர் ஆயினர். அவர்கள் எந்த மருந்தும் உண்ணவில்லை. மாறியது அவர்கள் உடலன்று, மருத்துவர்கள் கையிலிருந்த பட்டியல்!

எனவே, மருத்துவ ஏடு கூறிவிட்டது என்பதாலேயே ஒன்றை ஏற்பது பகுத்தறிவாகாது. மருத்துவ ஏடு கூறுகிறதே என்பதற்காக மறுப்பதும் பகுத்தறிவாகாது. ஆட்டிசம் என்பது கோளாறா, மனித இயல்பின் வேறுபாடுகளிலே ஒன்றா என்னும் வழக்கு இன்று உலகெங்கும் நடக்கிறது. அந்த வழக்கிலே தீர்ப்புக் கூறுமுன், பெயர் வைத்தவர் யார், எந்த நாட்டில், எந்த ஆட்சியில், அதன் விளைவு யார் தலையில் விழுந்தது என்று வரலாற்றைக் கேட்பதே முறை. கேட்போம்.

ஆட்டிசம் உள்ளவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்? பிறர் முகக்குறிப்பையும் மறைபொருளையும் உணர்வதிலே, உரையாடலிலே, உறவாடுவதிலே மற்றவரினின்று வேறுபட்டவர்கள். பழகிய ஒழுங்கு குலைந்தால் கலங்குபவர்கள். ஒரே அசைவை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள். நமக்குச் சிறிதாகத் தோன்றும் ஒலியும் ஒளியும் அவர்களுக்குப் பெருந்துன்பமாகலாம். ஒரு பொருளிலே நாட்டம் பிறந்தால் அதன் ஆழம் காணாது விடாதவர்களும் இவர்களிலே உண்டு. பேச்சே இல்லாதவரும் இவர்களுள் இருக்கிறார். பல்கலைக் கழகத்திலே பேருரை ஆற்றுபவரும் இருக்கிறார். தமிழிலே இதை 'மதியிறுக்கம்' என்கின்றனர். மதி இறுகிவிட்டது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, பாருங்கள்!

'ஆட்டிசம்' என்னும் சொல்லை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1911 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, மனச்சிதைவு நோயாளர் தமக்குள்ளே ஒடுங்கிவிடும் நிலையைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். குழந்தைகளைப் பற்றிய பேச்சு அப்போது இல்லை. 1925 ஆம் ஆண்டு, சோவியத் நாட்டு மருத்துவர் குருன்யா சுகரேவா, மாஸ்கோவிலே தாம் கண்ட ஆறு சிறுவர்களை விரிவாக விளக்கி எழுதினார். இன்று ஆட்டிசம் எனப்படும் இயல்புகள் பலவும் அந்தக் கட்டுரையிலே இருந்தன. மறு ஆண்டே அது ஜெர்மன் மொழியிலும் வந்தது. ஆயினும், ஆங்கிலம் பேசும் உலகம் அந்தப் பெண்மணியின் எழுத்தைத் தன் மொழியிலே படிக்க 1996 வரை காத்திருந்தது! முதலில் கண்டவர் பெயர் மறைய, பின்னர் வந்த இருவர் பெயர் நிலைத்தது. ஒருவர் பால்டிமோர் நகரத்து லியோ கன்னர். மற்றவர் வியன்னா நகரத்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர். இவ்விரு நகரங்களின் கதையிலேதான் நம் வழக்கின் கரு அடங்கிக் கிடக்கிறது.

முதலில் வியன்னாவுக்குச் செல்வோம்.

1938 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியது. யூத மருத்துவர்கள் மருத்துவமனைகளிலிருந்து துரத்தப்பட்டனர். ஆஸ்பெர்கர் அங்கே பல்கலைக் கழகக் குழந்தைகள் மருத்துவமனையிலே ஒரு பிரிவின் தலைவராக இருந்தார். நாஜிக் கட்சியிலே அவர் உறுப்பினராகவில்லை, அதன் துணை அமைப்புகள் சிலவற்றிலே சேர்ந்தார், பதவியிலே உயர்ந்தார். 1944 ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆய்விலே நான்கு சிறுவர்களை விளக்கினார். இவர்கள் சிலரிடம் அரிய அறிவுக் கூர்மை உண்டு, தக்க துறையிலே இவர்கள் நாட்டுக்குப் பயன்படுவர், சமுதாயத்திலே இவர்களுக்கும் இடமுண்டு என்று வாதிட்டார்.

படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறதல்லவா? 'கோளாறு என்னாதீர், வேறுபாட்டின் சிறப்பைக் காண்பீர்' என்று முழங்கிய முன்னோடி இவர் என்று பல்லாண்டுக் காலம் உலகம் இவரைப் போற்றியது. நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்த காவலர் என்றும் கூறப்பட்டது. ஆனால் ஏட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் உண்டா? புரட்டிப் பார்த்தால் மறுபக்கம்!

அதே வியன்னாவிலே, 1940 ஆம் ஆண்டு, 'அம் ஷ்பீகல்குருண்ட்' என்னும் குழந்தைகள் நிலையம் திறக்கப்பட்டது. பெயர் நிலையம், நடந்தது கொலை. ஊனமுற்ற குழந்தைகளும், அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளும் அங்கே கொண்டுவரப்பட்டனர். உறக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்து, பட்டினி போட்டு, நுரையீரல் காய்ச்சல் வரச் செய்து, அவர்களைச் சாகடித்தனர். 1945 வரை அங்கே மாண்ட குழந்தைகள் 789 பேர். மாண்டவர்களின் மூளைகளைக் கண்ணாடிக் குடுவைகளிலே இட்டு, போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் ஆராய்ச்சி நடத்தினர். எஞ்சியவற்றை வியன்னாவின் நடுவண் இடுகாட்டிலே அடக்கம் செய்ய 2002 ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று.

அந்த நிலையத்துக்குக் குழந்தைகளை அனுப்பிய கைகளிலே ஒன்று ஆஸ்பெர்கரின் கை. ஹெர்விக் செக் என்னும் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைத் துருவி 2018 ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். 1941 ஆம் ஆண்டு சூன் திங்களில், ஹெர்ட்டா என்னும் மூன்று வயதும் நிரம்பாத பெண் குழந்தை ஆஸ்பெர்கர் முன் கொண்டுவரப்பட்டாள். மூளை அழற்சியால் வளர்ச்சி குன்றியவள். நலமுள்ள வேறு ஐந்து குழந்தைகளைப் பேணவேண்டிய தாய்க்கு இவள் தாங்கொணாச் சுமை என்றும், ஷ்பீகல்குருண்டில் நிலையாக வைப்பதே தேவை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். செப்டம்பர் 2 ஆம் நாள், தன் மூன்றாம் பிறந்த நாளுக்கு மறுநாள், அந்தக் குழந்தை மாண்டது. மறு ஆண்டு, 210 குழந்தைகளைப் பார்வையிட்டுத் தரம்பிரித்த குழுவிலும் அவர் இருந்தார். அதிலே 35 குழந்தைகள் கல்விக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டு ஷ்பீகல்குருண்டுக்குக் குறிக்கப்பட்டனர்.

ஒரு கை, இரண்டு ஏடுகள்! ஓர் ஏட்டிலே, 'இவன் வேறுபட்டவன், பயன்படுவான்.' மற்றோர் ஏட்டிலே, 'இவள் சுமை, பயன்படாள்.' வேறுபாட்டைப் போற்றிய நெஞ்சும் பலியைப் பட்டியலிட்ட நெஞ்சும் ஒன்றே என்றால், என்ன பொருள்? பயன் என்னும் அளவுகோலைக் கையிலெடுத்தவன், அதன் ஒரு முனையால் மாலை சூட்டுகிறான். மறுமுனையால் குழி தோண்டுகிறான். இதை மறவாதீர்! 'வேறுபாடு' என்னும் இனிய சொல்லும், தகுதி பார்த்து வழங்கப்படுமானால், தகுதி பெறாதவனுக்கு அது தூக்குக் கயிறாகிவிடும்.

இனி பால்டிமோர்.

லியோ கன்னர், ஆஸ்திரிய - அங்கேரியப் பேரரசிலே பிறந்த யூதர்; 1924 ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றவர். 1943 ஆம் ஆண்டு, எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் ஆகப் பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகுக்கு அறிமுகம் செய்தது. இது பிறவியிலேயே அமைந்தது என்று அந்தக் கட்டுரையிலே அவர் முடிவு கூறினார். ஆனால் பெற்றோரின் அன்பு வறண்டது என்றும் குறிப்பெழுதினார். 1949 வாக்கில் அந்தக் குறிப்பு வளர்ந்தது. இக்குழந்தைகள் பனிப்பெட்டியிலே வைத்து வளர்க்கப்பட்டவர் போன்றோர் என்னும் உவமை பிறந்தது. உவமை பழியாயிற்று, பழி கொள்கையாயிற்று, 'பனிப்பெட்டித் தாய்' என்னும் கொடுஞ்சொல் நாடெங்கும் பரவிற்று.

அந்தக் கொள்கைக்குக் கொடி பிடித்தவர் சிகாகோ நகரிலே குழந்தைகள் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். அவரும் வியன்னாவிலே பிறந்தவர். நாஜிகளின் சிறைமுகாம்களிலே வாடியவர். 1967 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, முகாமிலே மனமொடிந்த கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டார். அப்படியானால் முகாமின் காவலாளி யார்? பெற்ற தாய்! வதைபட்டவர் நாவிலிருந்தே இப்படியொரு வசை! சான்று என்ன என்று எவர் கேட்டார்? மருத்துவர் சொன்னார், ஏடு அச்சிட்டது, உலகம் தலையசைத்தது. முன்வினைப் பயன் என்று கூறித் தாயைத் தூற்றும் மடமைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அது காவியுடையிலே வந்தது. இது வெள்ளங்கியிலே வந்தது!

பழியைத் தகர்த்தது எது? கண்ணீரன்று, கணக்கு. பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளநூல் அறிஞர், தாமும் அத்தகைய மகனைப் பெற்ற தந்தை, இருந்த சான்றுகளையெல்லாம் திரட்டி, இது உடலியலிலே வேர்கொண்டது என்று 1964 ஆம் ஆண்டு நூல் எழுதினார். 1969 ஆம் ஆண்டு பெற்றோர் சங்கக் கூட்டத்திலே கன்னரே எழுந்து நின்று, பெற்றோர் குற்றமற்றவர் என்று அறிவித்தார். 1977 ஆம் ஆண்டு, சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளிலே நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளிலே ஒன்றில்கூட அவ்வாறில்லை. இரு வகையினரும் ஒரே தாயின் மடியிலே வளர்ந்தவர்கள்தாமே? மடியின் குளிர்ச்சிதான் காரணமென்றால் ஏன் இந்த வேற்றுமை? மரபணுவின் பங்கு மெய்ப்பட்டது.

கோளாறு என்னும் சொல் இங்கே ஒரு நன்மை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'இது உடலின் அமைப்பு' என்று மருத்துவம் கூறிய பிறகே தாய்மார் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கினர். ஆனால், இறங்கிய கூண்டிலே குழந்தைகள் ஏற்றப்பட்டனர்! கோளாறென்றால் அதைக் களைந்தாக வேண்டுமே! கலிபோர்னியாவிலே ஐவர் லோவாஸ், பரிசும் தண்டனையும் கொண்டு குழந்தைகளைப் பழக்கும் முறையை வகுத்தார். 1960களிலே அறையும் அதட்டலும், சில சோதனைகளிலே மின்னதிர்ச்சியும்கூட அம்முறையிலே இடம்பெற்றன. 1987 ஆம் ஆண்டு, தாம் பழக்கிய 19 குழந்தைகளிலே 9 பேர் இயல்பான குழந்தைகளைப் போலாயினர் என்று அறிவித்தார். பிற குழந்தைகளிலிருந்து வேறுபடுத்திக் காணமுடியாத நிலை: அதுவே வெற்றியின் இலக்கணம்! அந்தக் குழந்தை மகிழ்ந்ததா, மறைந்து வாழக் கற்றதா என்பது அளவுகோலிலே இல்லை.

பெயரின் மீது எழுந்த அச்சம் மற்றொரு கேட்டையும் விளைத்தது. 1998 ஆம் ஆண்டு, ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் ஆங்கில மருத்துவர், 12 குழந்தைகளைக் காட்டி, தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்தினார். அந்தக் கட்டுரையை 'லான்செட்' ஏடு 2010 ஆம் ஆண்டு திரும்பப் பெற்றது. பல இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்தும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆயினும் ஊசியை மறுத்த பெற்றோர் ஆயிரம் ஆயிரம். கொல்லும் தட்டம்மை வந்தாலும் வரட்டும், ஆட்டிசம் உள்ள பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு ஒரு சொல் அச்சமூட்டிற்று என்றால், அந்தச் சொல்லின் நஞ்சை என்னென்பது!

இதற்கிடையே அளவுகோலே அகன்றுகொண்டிருந்தது. இலண்டனில் லோர்னா விங், தாமும் ஆட்டிசம் உள்ள மகளின் தாய், ஜூடித் கூல்டுடன் சேர்ந்து கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979 ஆம் ஆண்டு கண்டது: கன்னர் காட்டிய கடுமையான நிலைக்கும் இயல்பு எனப்படும் நிலைக்கும் நடுவே சுவர் இல்லை, வானவில்லின் வண்ணங்கள்போல் ஒன்றிலொன்று கரையும் நிறமாலையே உண்டு. 1981 ஆம் ஆண்டு அவரே ஆஸ்பெர்கரின் பெயரை ஒரு பிரிவுக்குச் சூட்டினார். வியன்னாவின் மறுபக்கம் அப்போது வெளிவரவில்லை. 1994 ஆம் ஆண்டு அமெரிக்க நோய்ப் பட்டியலிலே ஏறிய அந்தப் பெயர் 2013 ஆம் ஆண்டு இறங்கியது. எல்லாம் ஒரே நிறமாலைக்குள் அடங்கின. அமெரிக்க அரசின் கணக்கெடுப்பிலே, 8 வயதுக் குழந்தைகளில் 2000 ஆம் ஆண்டு 150 பேருக்கு ஒருவர்; 2022 ஆம் ஆண்டு 31 பேருக்கு ஒருவர். மனித மூளை இருபது ஆண்டுகளிலே உருமாறிவிடுமா? கோடு நகர்ந்தது, கண்டுபிடிக்கும் கண்களும் பெருகின என்பதே பெரும்பகுதி விளக்கம்.

அதுவரை பேசியவர் யார்? மருத்துவர் பேசினார், பெற்றோர் பேசினர். பேசப்பட்டவன் வாய் திறந்தது எப்போது? 1993 ஆம் ஆண்டு! ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர், கனடாவின் டொரண்டோ நகரிலே கூடிய பெற்றோர் முன் எழுந்து, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்றார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை பிறக்கவில்லை என்று அழுகிறீர்கள். பிறந்த குழந்தை கண்முன் நிற்கிறதே, அதைப் பாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே பத்தாண்டிலே, ஆட்டிசம் உள்ளோர் பலரது உரையாடலிலே 'நரம்பியல் பன்மை' என்னும் கருத்து முளைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998 ஆம் ஆண்டு தம் ஆய்விலே அதை எடுத்தாண்டார். 2012 ஆம் ஆண்டு, ஆட்டிசம் உள்ள ஆங்கில ஆய்வாளர் டேமியன் மில்டன் கேட்டார்: எங்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா? புரியாமை இருபக்கமும் இருக்க, குறை மட்டும் ஒருபக்கத்துக்கா?

கூர்மையான கேள்வி! ஆயினும் எதிர்வழக்காடுவோரையும் கேளாமல் போவது நேர்மையாகாது. தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்ளும் மகனைப் பிடித்து நிறுத்தி, இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் கேட்கிறாள்: 'இதுவும் வெறும் வேறுபாடுதானா?' வலிப்பு நோய் பலருக்கு உடன் வருகிறது. பேச்சே வாராதோர், வாழ்நாள் முழுதும் பிறர் துணையின்றி உண்ணவும் உடுக்கவும் இயலாதோர் உண்டு. இத்தகையோரின் தேவை மறைந்துவிடக்கூடாது என்றே, 2021 ஆம் ஆண்டு 'லான்செட்' அமைத்த குழு, 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்னும் தனிப்பெயரைப் பரிந்துரைத்தது. மேடையேறிப் பேச வல்லவர், பேச இயலாதவருக்கும் சேர்த்துத் தீர்ப்பெழுதலாகாது என்பதும் நியாயந்தானே?

பட்டியலிலே பெயர் இல்லாவிட்டால் உரிமையும் இல்லை என்பதை நம் நாட்டார்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்தியாவின் 1995 ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது; ஆட்டிசம் அதிலே இல்லை. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016 ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளிலே ஒன்றாக்கி, அரசுப் பணியின் இட ஒதுக்கீட்டிலும் பங்கு தந்தது. 'எமக்கு எக்குறையும் இல்லை' என்று கூறிப் பட்டியலை விட்டு வெளியேறினால், இந்த உரிமைகளின் கதி?

அப்படியானால் தீர்ப்பு என்ன? கன்னரின் பதினொரு குழந்தைகளே விடை தருகின்றனர். முதற் குழந்தை டொனால்ட், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளை. மூன்று வயதிலே ஒரு நிலையத்துக்கு அனுப்பப்பட்டவனைப் பெற்றோர் ஓராண்டிலே மீட்டு வந்தனர். ஊர் அவனை அவன் போக்கிலே ஏற்றது. வளர்ந்தான், வங்கியிலே பணி புரிந்தான், கார் ஓட்டினான், உலகம் சுற்றினான். 2023 ஆம் ஆண்டு, 89 ஆம் வயதில் மறைந்தான். மற்றவர்கள்? 1971 ஆம் ஆண்டு கன்னர் அவர்களைத் தேடி விசாரித்தார். அரசு மனநல விடுதிகளிலே அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்து ஒடுங்கியிருந்தனர். அந்த விடுதி வாழ்நாள் சிறைக்கு ஒப்பு என்று அவரே வருந்தி எழுதினார். ஒரே கட்டுரை, ஒரே பெயர், ஒரே மருத்துவர்! விதியை வேறாக்கியதிலே மூளைக்குப் பங்கு உண்டு. வீட்டுக்கும் ஊருக்கும் செல்வத்துக்கும் பங்கில்லை என்று எவர் துணிந்து கூறுவார்?

ஆகவே நாம் கூறுகிறோம்: வலிப்பும், உறங்காமையும், தன்னைத் தானே காயப்படுத்தும் துயரும் மருத்துவம் தீர்க்கவேண்டிய துன்பங்கள், அவற்றுக்கு மருந்து தேடுவதை எவரும் தடுக்கலாகாது. கண்ணைப் பார்த்துப் பேசாமை, கையை அசைத்து மகிழ்தல், தனிமையை விரும்புதல் இவை திருத்தப்படவேண்டிய குற்றங்களல்ல. இவற்றைத் தண்டித்துத் திருத்துவது கொடுமை. இரைச்சல் மிகுந்த வகுப்பறையும், ஏளனம் செய்யும் அலுவலகமும், ஏற்க மறுக்கும் பள்ளியும் தரும் துன்பத்துக்கு மருந்து நோயாளிக்குத் தரவேண்டியதன்று, சமுதாயத்துக்குத் தரவேண்டியது. பெயர் எதுவாயினும் ஆகுக! உதவி பெறுவதற்காக ஒருவன் தன்னை இழிவானவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மதிப்புப் பெறுவதற்காக மேதை என்று மெய்ப்பிக்கவும் வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை கணக்கிலே புலியாம், இந்தப் பிள்ளை ஓவியத்திலே வல்லவனாம் என்று பாராட்டுரைகள் இன்று பெருகி வருகின்றன. நன்று. ஆனால் கணக்கும் தெரியாத, ஓவியமும் வராத, 'அம்மா' என்று அழைக்கவும் இயலாத குழந்தைக்கு என்ன இடம் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை கூறத் தயங்குபவன், தன்னை அறியாமலே வியன்னாவின் எழுதுகோலைக் கையிலே ஏந்தியிருக்கிறான். பிறந்தான் என்பதைத் தவிர வேறு தகுதி கேளாத நாடே மனிதர் வாழும் நாடு. மூன்று வயதிலே மாண்ட ஹெர்ட்டா எந்தத் தேர்விலும் வெல்லவில்லை. வெல்லாமலே வாழும் உரிமை அவளுக்கு இருந்தது.